மூன்றாம் எபிசோடில் அம்மா

"உங்க அக்காவுக்குக் கோபம் வருமா?" என்று என்னிடம் கேட்டார், டிவி தொடர் எழுத வந்த கதாசிரியர்.

"வரும். பஸ் போயிடுச்சுன்னா வரும்."

"அப்படி இல்லீங்க. தட்டைத் தூக்கி எறியற மாதிரி?"

"எங்க வீட்டுத் தட்டெல்லாம் அப்படியேதான் இருக்கு. வேணும்னா எண்ணிப் பாருங்க."

அவர் சிரித்தபடி எதையோ குறித்துக்கொண்டார். ஒரு வருடம் கழித்துத் தொடர் வெளியானபோது, முதல் எபிசோடிலேயே அக்கா இரண்டு தட்டுகளை உடைத்தாள்.

அவளைக் கழுத்தை நெரித்துக் கொன்ற அத்தான், தொடரில் சன்னலோரம் நின்று மழை பார்த்தார். இழப்பின் வலியாம். நிஜத்தில் அந்த மனிதர் சன்னலைத் திறந்தால் எச்சில் துப்பத்தான் திறப்பார். இப்போது சிறையிலும் அவருக்கு ரசிகைகள் கடிதம் எழுதுகிறார்களாம். எழுதட்டும். படிக்கத் தெரிந்தால் படித்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சித்தியும் சித்தப்பாவும் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆறு எபிசோடையும் ஒரே மூச்சில் பார்க்கும் திட்டம். கல்யாண வீடியோ பார்க்க வந்தவர்கள் போல இருந்தது முகக்களை.

"நம்ம பொண்ணு இவ்வளவு கலரா இருந்ததே இல்லையேடி" என்றாள் சித்தி.

"அது கிடக்கட்டும். என்னை ஏன் இன்னும் காட்டல? பிணவறைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டது நான்தானே?" என்றார் சித்தப்பா.

"வருவீங்க, வருவீங்க. உங்க தொப்பைக்கு ஆள் தேட நேரமாகும்ல."

அம்மா மட்டும் நடுநாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தொடக்கத்தில் ஓடும் பெயர்களில் அவளுடையதும் உண்டு, 'கதை ஆலோசகர்' என்று. முப்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவள். கதாசிரியர் அனுப்பிய காட்சிகளைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தாள், வகுப்பு நோட்டைத் திருத்துவது போலவே. நான் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். அம்மாவின் திருத்தங்களை டைப் செய்து அனுப்பியது நான்தான்.

பெரும்பாலும் எழுத்துப் பிழைகள். மூன்றாம் எபிசோடில் ஒன்று மட்டும் பிழையே அல்ல.

அத்தான் அடித்தார் என்று அக்கா பையோடு வந்து மூன்று நாள் எங்களுடன் இருந்தாள். நான்காம் நாள் அம்மா அந்தப் பையைத் தன் கையாலேயே கேட்டுக்கு வெளியே வைத்தாள். 'புருஷன் வீட்டுக்குப் போய் வாழற வழியைப் பாரு' என்றாள். எதிர்வீட்டம்மா கோர்ட்டில் சொன்னது இது. அதைக் கதாசிரியர் அப்படியே எழுதியிருந்தார். அம்மா அதன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் மணிமணியாக எழுதினாள்: 'தாய் அழுது தடுக்கிறாள்.' நானும் வாயை மூடிக்கொண்டு டைப் செய்தேன்.

அக்காவை அனுப்பிய அன்றும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். உள்ளறைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே, பரீட்சைக்குப் படிப்பது போல நடித்துக்கொண்டிருந்தேன். தொடரில் நடித்தவர்கள் யாரும் அந்த அளவுக்கு நடிக்கவில்லை. அதிலிருந்து பத்தாம் நாள் அக்கா செத்துப்போனாள். அன்றிலிருந்து அம்மாவிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. பதினொரு வருடமாகத் தொண்டை வரை வருவதும், எச்சிலோடு உள்ளே போவதுமாக இருக்கிறது.

அந்தக் காட்சி வந்தது. அம்மாவாக நடித்தவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "போகாதடி என் கண்ணு." பின்னால் வயலின் அவளைவிட அதிகமாகக் கதறியது.

திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நிஜக் கண்ணீர். தான் எழுதியதை அவளே நம்பிவிட்டாள்.

சித்தி மூக்கை உறிஞ்சினாள். "எப்படித் தடுத்திருக்கீங்க அக்கா. பெத்த வயிறாச்சே."

"தடுத்து என்ன பண்ண? கேட்டாளா?" என்றாள் அம்மா. "அவ பிடிவாதம்தான் உனக்குத் தெரியுமே. தானா போய் விழுந்தா."

நான் எழுந்து டிவியை அணைத்தேன்.

"ஏண்டி நிறுத்துற? நான் இன்னும் வரவே இல்லையே" என்றார் சித்தப்பா.

நான் அவரைப் பார்க்கவில்லை. அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"டிவிக்காரங்ககிட்ட நீ எதை வேணும்னாலும் சொல்லிக்கோ. சித்திகிட்டயும் சொல்லிக்கோ. அவளை நீதான் அனுப்பினே, நான் பேசாம பாத்துட்டு இருந்தேன். அதை ஒரே ஒரு தடவை என்கிட்ட சொல்லும்மா."