கீழ்வீட்டுக்காரர் எங்கிருந்து வந்தார்

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு முன்பே சின்னியின் அக்கா கணவர் அவள் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்துவிடுவார். அவர் வீட்டில் டிவி இல்லாமல் இல்லை. சின்னி வீட்டு டிவியைவிடப் பெரியது. ஆனால் 'லிப்ட் வேலை செய்யவில்லை' என்ற கார்ட்டூன் தொடரை, அதற்குப் படம் வரைகிறவள் வீட்டிலேயே உட்கார்ந்து பார்ப்பது தனிக் கௌரவம் என்பது அவர் எண்ணம். ரிமோட்டும் அவர் கையில்தான் இருக்கும். அதை அவரிடம் கொடுத்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை.

அரை மணி நேரத் தொடர். அவரோடு உட்கார்ந்து பார்த்தால் முடிவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். தொடரில் வரும் குடியிருப்பில் யாரோ மாடி ஏறுவார்கள், யாரோ தும்முவார்கள், உடனே படத்தை நிறுத்துவார். பிறகு ஆள்காட்டி விரலைத் தூக்குவார். விரல் தூக்கினால் விஷயம் வரப்போகிறது என்று அர்த்தம்.

"நான் தப்பா சொல்லல சின்னி. பின்னாடி சுவத்துல ஒரு குடை தொங்குது பாரு. பழைய பேய்ப் படம் ஒண்ணுல கடைசில வர்ற குடைதான அது?"

"இல்ல அத்தான். சுவர் காலியா இருந்துச்சு. ஒரு குடைய மாட்டினேன், அவ்வளவுதான்."

"அப்படித்தான் சொல்லுவ. வெளில சொல்லக்கூடாதுன்னு ஆபீஸ்ல எழுதி வாங்கியிருப்பாங்க."

வரைந்தவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இல்லை என்கிறாள். பார்த்தவர் ஆமாம் என்கிறார். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? சின்னி பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவிவிட்டு வருவாள்.

அத்தானுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. மாத்திரைப் பட்டைகள் வரிசையாக நகர்ந்து வரும்போது, எதில் ஓட்டை, எதில் மாத்திரை உடைந்திருக்கிறது என்று கண்டுபிடித்து எடுத்துப் போடவேண்டும். நாள் முழுக்கக் குறை தேடிய கண்ணுக்கு வீட்டுக்கு வந்தாலும் ஓய்வு கிடையாது. காபி கொடுத்தால் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். தண்ணீர்க் குவளைக்கும் அதே கதிதான். சின்னியின் மகள் முதன்முதலாகச் செய்து கொடுத்த களிமண் யானையையும் அப்படித்தான் தலைகீழாகப் பார்த்தார். குழந்தை அழுதது.

அந்தக் கண்ணோடு அவர் தொடரை மேய்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ரசிகர்களின் இணையதளத்தில் 'நீங்கள் கவனிக்கத் தவறியவை' என்று எழுதுவார். எழுதும் பெயர் கழுகுக்கண். எந்தக் காட்சி எந்தப் படத்தைக் கிண்டல் செய்கிறது, எந்த வண்டி எண் யாருடைய பிறந்தநாள், பூனை படிக்கும் செய்தித்தாளில் இருப்பது எந்தப் பாட்டின் வரி, எல்லாம் அதில் இருக்கும். பாதி சரி, மீதி கப்சா. ஆனாலும் ஊர்ப்பட்ட பேர் படித்தார்கள். சின்னியின் ஆபீஸிலும் திங்கட்கிழமை டீயோடு அதைத்தான் படித்தார்கள். கழுகுக்கண் யார் என்று அவளுக்குத் தெரியும் என்பதைப் பற்றி அவள் மூச்சுகூட விடவில்லை. மானம் என்று ஒன்று இருக்கிறதே.

அதைவிடப் பெரிய ரகசியம் ஒன்று இருந்தது. தொடரிலேயே எல்லோருக்கும் பிடித்த கீழ்வீட்டுக்காரர் பாத்திரம் அத்தான்தான்.

தொடர் ஆரம்பித்த சமயம், கூப்பிடாமலே மேலே ஏறிவந்து எல்லாருக்கும் யோசனை சொல்கிற ஒரு கீழ்வீட்டு ஆள் வேண்டும் என்று இயக்குநர் கேட்டார். சின்னி என்னென்னவோ வரைந்து பார்த்தாள். ஒன்றும் உட்காரவில்லை. அன்று சனிக்கிழமை. தலையைப் பிய்த்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே சோபா நுனியில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, பேன்ட்டை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, கோப்பையைத் தூக்கி அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார் அத்தான். தேடி அலைய என்ன இருக்கிறது? கை தானாக வரைந்துவிட்டது.

முதல் அத்தியாயத்திலேயே சின்னியின் கணவனுக்குத் தெரிந்துவிட்டது. மகள் "ஐ, பெரியப்பா" என்றாள். அவள் வாயைப் பொத்த வேண்டியிருந்தது. அக்கா தனியாகக் கூப்பிட்டு, "நல்லாத்தான் வரஞ்சிருக்க. ஆனா அவர்கிட்ட சொல்லித் தொலைக்காத. வீட்ல வச்சு சமாளிக்கப்போறது நான்தான்" என்றாள். கண்டுபிடிக்காதவர் ஒரே ஒருவர். குடைக்கும் குவளைக்கும் பூர்வீகம் சொல்லத் தெரிந்த மனிதர், கீழ்வீட்டுக்காரர் திரையில் வந்தால் தலையணையை அடித்து அடித்துச் சிரிப்பார். "இந்த மாதிரி ஒரு ஆள் நெஜத்துல இருந்தா பக்கத்துல எவன் உக்காருவான்?" என்பார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

இப்படியே ஓடியிருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை கழுகுக்கண் வாயை வைத்தார். கீழ்வீட்டுக்காரர் கோப்பையின் அடியைப் பார்ப்பது, இன்னொரு கம்பெனியின் பழைய கார்ட்டூனில் வரும் துப்பறியும் வாத்திடமிருந்து அப்பட்டமாக எடுக்கப்பட்டது என்று எழுதினார். பக்கத்தில் இரண்டு படங்களையும் ஒட்டி, நடை, விரல், பேன்ட் என்று அம்புக்குறி வேறு போட்டுக் காட்டியிருந்தார். பாராட்டுவதாக நினைத்துத்தான் செய்தார். அந்த வாத்துக் கம்பெனியின் வக்கீல் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

இயக்குநர் சின்னியைக் கூப்பிட்டார். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே பேசுவது அவர் வழக்கம். அன்று மூடி இரண்டாகிவிட்டிருந்தது.

"வாத்தப் பாத்து வரஞ்சியா?"

"நான் அந்த வாத்த ஜென்மத்துல பாத்ததில்ல சார்."

"அப்ப எங்கேருந்து வந்தான் இவன்?"

சின்னி உண்மையை விழுங்கிப் பார்த்தாள். முடியவில்லை. "எங்க வீட்ல ஒருத்தர் சார். அச்சு அசல் அவரேதான்."

"அப்ப அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. என்னைப் பாத்துத்தான் வரஞ்சாங்க, எனக்கு ஆட்சேபம் இல்லேன்னு. திங்கக்கிழமை வக்கீல் கையில இருக்கணும். இல்லேன்னா கீழ்வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணிருவாரு. கூடவே நீயும் காலி பண்ண வேண்டியதுதான்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு எரிச்சலாக வந்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் தெரியாமல் முழங்கையால் இடித்ததற்குக்கூடச் சண்டைக்குப் போகலாம் போலிருந்தது. ஊரில் இருக்கிற வாத்தையெல்லாம் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குக் கண்ணாடியில் தெரிகிற முகம் தெரியவில்லை. அதனால் அவள் வேலை போகப்போகிறது. இத்தனை வருஷம் கண் எரிய, கழுத்து வலிக்க வரைந்து வாங்கிய பெயரும் போகப்போகிறது, காப்பியடித்தவள் என்ற பட்டத்தோடு. அதைத் தடுக்கிற கையெழுத்தையும் அவரிடமே போய்க் கேட்டு வாங்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமையும் அவர் வந்தார், உட்கார்ந்தார், தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சின்னி காபியைக் கொடுத்தாள். கணவன் மகளைக் கூட்டிக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போய் நின்றுகொண்டான். ஆபத்துக் காலத்தில் அவன் எப்போதும் நிற்கிற இடம் அதுதான்.

"அத்தான், அந்த வாத்து விஷயம் தப்பு. கீழ்வீட்டுக்காரர் வாத்து இல்ல."

விரல் எழுந்தது. "நான் தப்பா சொல்லல. அம்புக்குறி போட்டே காட்டியிருக்கேன்."

"நான் நெஜமான ஒரு ஆளப் பாத்து வரஞ்சேன். நமக்குத் தெரிஞ்ச ஆள்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான் போல. "சொல்லாத, சொல்லாத. நானே கண்டுபிடிக்கறேன். உங்க பல் டாக்டரா?"

"இல்ல."

"எங்க மூத்த அண்ணனா? அவன்தான் எங்க போனாலும் வாய மூடமாட்டான்."

"அவரும் இல்ல அத்தான்."

"கூப்பிடாம வர்ற ஆளுன்னா... உங்க கட்டட செக்ரட்டரி. அந்த ஆளு ஒரு விஷயத்த ஆரம்பிச்சா முடிக்கத் தெரியாது. எதிர்ல இருக்கறவன் கொட்டாவி விட்டாக்கூடப் புரியாது. பாவம், சில பேருக்குத் தங்களப் பத்தித் தெரியவே தெரியாது சின்னி."

சின்னிக்கு ஓங்கி அழவேண்டும் போலிருந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள். யோசனையில் இருந்தவர் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்தார்.

பார்த்தவர் அப்படியே உறைந்துபோனார். கோப்பை மேலேயே இருந்தது. ஜன்னல் ஓரத்தில் மகள் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அப்பா கையைப் பிடித்ததும் மூடிக்கொண்டாள்.

மெல்லக் கோப்பையை இறக்கி மேஜைமேல் வைத்தார். பேன்ட்டைக் குனிந்து பார்த்தார். தலையணையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"குழந்தைக்கு?"

சின்னி ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவர் ரிமோட்டை எடுத்துப் போன வார அத்தியாயத்தின் கடைசிக்குப் போனார். எல்லா அத்தியாயமும் அங்கே ஒரே மாதிரிதான் முடியும். கீழ்வீட்டுக்காரர் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார். கதவு மூடும். உடனே வீட்டில் இருக்கிற அம்மா, அப்பா, பிள்ளைகள், பூனை, தொட்டியில் இருக்கிற மீன் வரை எல்லாரும் ஒன்றாக 'அப்பாடா' என்று பெருமூச்சு விடுவார்கள். ஊரே கைதட்டிச் சிரிக்கிற இடம் அது. அவர் அதைப் போட்டுப் பார்த்தார். திரும்பவும் போட்டார். மீன் விட்ட காற்றுக் குமிழி மேலே வரும் இடத்தில் படத்தை நிறுத்தினார்.

"இது எழுதறவங்க வச்சதா, நீ வச்சதா?"

எழுதுகிறவர்கள் என்று சொல்லிவிடலாம். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? ஆனால் எத்தனையோ சனிக்கிழமைகளாக இவர் கேட்டதற்கெல்லாம் அவள் உண்மையைத்தான் சொன்னாள், இவர்தான் நம்பவில்லை. இன்று பொய் சொன்னால் நம்பிவிடுவார். அது அவளால் முடியவில்லை.

"நான்தான் அத்தான்."

அவர் தலையாட்டினார். "மீனு நல்ல யோசன" என்றார்.

கையெழுத்து விஷயத்தை அவள் சொல்ல ஆரம்பித்ததும் பாதியிலேயே கையை நீட்டினார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். வேலை போகுமா என்று ஒரு தடவை மட்டும் கேட்டார். இனிமேல் போகாது என்றாள். "அப்ப சரி" என்றார். வாத்துத் தகவல் தவறு, பாத்திரம் ஓவியரின் உறவினர் ஒருவரைப் பார்த்து வரையப்பட்டது என்று கழுகுக்கண் பெயரில் அங்கேயே போனில் தட்டிப் போட்டார். எந்த உறவினர் என்று எழுதவில்லை. ஆறு மணி ஆகியிருந்தது. தொடர் ஆரம்பிக்கிற பாட்டு வந்தது. அவர் ரிமோட்டைச் சின்னியின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார்.

"இருந்து பாத்துட்டுப் போங்க அத்தான்."

"இல்ல சின்னி. நீங்க பாருங்க. நான் வரேன்."

கதவு மூடியது. டிவியில் யாரோ மாடி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு நெஞ்சு முட்டிக்கொண்டு இருந்தது, மூச்சை விட்டால் தேவலை. விடப்போனவள் நிறுத்திக்கொண்டாள். படியில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே ஒரு சத்தமும் இல்லை.

அவர் இன்னும் போகவில்லை. அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சின்னி கணவனைப் பார்த்தாள். அவனுக்கும் புரிந்திருந்தது. அவன் மகளின் தோளில் கை வைத்து அழுத்தினான். குழந்தை கன்னம் உப்ப மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. டிவியின் சத்தத்தைக் குறைக்கக்கூட யாருக்கும் தைரியம் வரவில்லை.

அதற்குமேல் தாங்காமல் சின்னி போய்க் கதவைத் திறந்தாள். அவர் கதவுக்கு அந்தப்பக்கம் காதைச் சாய்த்தபடி நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் சட்டென்று தரையில் குனிந்தார்.

"செருப்பத் தேடிட்டிருந்தேன்" என்றார்.

இரண்டு செருப்பும் அவர் காலில்தான் இருந்தன.