செவ்வாய்க்கிழமை வைத்தியம்

1972 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். போடியில் முந்தைய நாள் பிடித்த தூறல் இன்னும் விடவில்லை. அன்று சலூன்களுக்கு வார விடுமுறை. ஆயினும் அய்யாத்துரையின் சலூனில் உடம்பு பிடித்துவிடும் வேலுச்சாமி பின்கதவைத் திறந்துவைத்திருந்தான். ஏலக்காய் வியாபாரி சண்முகராஜ் தம் சரக்குக் கிட்டங்கியில் அடிபட்டவர்களை அனுப்புவது செவ்வாய்தோறும்தான். வலியையும் வீக்கத்தையும் அமர்த்திவிட்டால் எவரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ஆஸ்பத்திரி ஏறாத காயத்துக்கு வழக்கும் இல்லை. வேலுச்சாமியோ தான் செய்வதைப் புண்ணியம் என்றே நம்பியிருந்தான்.

இன்று சண்முகராஜே வந்தார். சுமை தூக்கும் ஒச்சாண்டியை முடியைப் பிடித்து இழுத்துவந்து பெஞ்சில் தள்ளினார்.

"ஏலே வேலு, சாயங்காலம் இவன் மூடை தூக்கணும். தேயி."

"என்ன மொதலாளி பண்ணுனான்?"

"கிட்டங்கியில திருடி மடியில ஒரு பிடி ஏலக்காய். இந்தத் தொரை வீட்டுல பாயசமாம்!"

வேலுச்சாமி எண்ணெயிட்டு, இடது விலாவில் இரு கட்டைவிரல்களையும் ஊன்றி அழுத்தினான். சண்முகராஜ் அடித்ததில் முன்பே விரிசல் விட்டிருந்த எலும்பு அவன் விரலடியில் முறிந்து உள்வாங்கியது. ஒச்சாண்டி அலறினான், இருமிய இரத்தம் வேலுச்சாமியின் முழங்கைவரை தெறித்தது.

"எலும்பு போச்சு மொதலாளி! ஆஸ்பத்திரிக்குத் தூக்குவம்."

"நடிக்கிறாம்ல!" சண்முகராஜ் அதே விலாவில் உதைத்தார். மறுபடி ஓங்கிய காலை வேலுச்சாமி பற்றினான். சண்முகராஜ் எடுத்து அடித்த எண்ணெய்ப் புட்டி அவன் நெற்றியில் உடைந்தது. வழிந்த இரத்தத்தைத் துடைக்காமல் ஒச்சாண்டியை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு மழையில் நடந்தான்.

ஆஸ்பத்திரியில் ஒச்சாண்டியை உள்ளே கொண்டுபோனார்கள். விசாரிக்க ஏட்டு வந்தபோது, சண்முகராஜின் கணக்குப்பிள்ளை செல்வமணியும் ஒரு தாளோடு வந்து சேர்ந்தார். மூடை சரிந்து விழுந்த காயம் என்று அதில் எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போட்டுரு. இல்லேன்னா நீ தேச்சதுலதான் ஒடைஞ்சதுன்னு மொதலாளி சொல்லிருவாக. உள்ள போயிருவ."

வேலுச்சாமி தாளைத் திருப்பினான். பின்பக்கத்தில் நெடுநேரம் எழுதினான். எட்டிப் பார்த்த செல்வமணி பதறினார்.

"கிறுக்குப்பயலே, ஒன் பேரையும்ல சேத்து எழுதியிருக்க!"

"சேத்துத்தான் எழுதணும். அவுக அடிச்சாக. ரெண்டு வருசமா நான் அத மறைச்சேன். மறைக்க ஒரு ஆளு இருக்கான்னுதான் அவுக கை நிக்கவே இல்ல. அடிச்சவனுக்கு உள்ள குத்தம் மறைச்சவனுக்கும் உண்டு."

அடியில் கையெழுத்திட்டு, தாளை ஏட்டின் கையில் கொடுத்தான்.