கிராக்கோவில் எங்களுக்கு ஒருவரும் இல்லை

1

“என்ரை சீதனத்தை இப்பவே தாங்கோ. மாப்பிள்ளை வேண்டாம்.”

இந்தக் கதை இந்த இரண்டு வாக்கியங்களிலிருந்து பிறந்தது. நேற்று மாலை, குருநகரில் எங்கள் வீட்டு விறாந்தையில், அப்பாவுக்கு நேரே நின்று சொன்னேன். சீதனத்தைப் பற்றிக் குமர்ப்பிள்ளை வாய் திறக்கக்கூடாது என்பது எனக்கு அரிச்சுவடிக்கு முன்னரே சொல்லித் தரப்பட்ட பாடம். எது, எவ்வளவு, எப்போது என்பதையெல்லாம் மற்றவர்கள் பேசி முடிப்பார்கள். பெண் கதவுக்குப் பின்னால் நின்று வெட்கப்படுவாள். எனக்கு வெட்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது, அது எனக்கு எப்போதும் கைவசம் உள்ள பொருள்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதையே அல்ல, பயணக் கட்டுரை. போலந்து நாட்டில் கிராக்கோவ் என்றொரு பழைய நகரம். அங்கே பார்க்க வேண்டிய இடங்கள். அந்த நகரத்துக்கு நான் போனதில்லை. கொழும்புக்கே ஒருமுறைதான் போயிருக்கிறேன், பாஸ்போட் எடுக்க.

2

கட்டுரையின் முதல் தொடக்கம்:

“கிராக்கோவின் பெருஞ்சதுக்கத்தில் புறாக்கள் சிறகடித்துப் பறக்க, அலங்கரித்த குதிரை வண்டிகள்—”

வேண்டாம். அந்தப் புறாக்களை நான் ஒரு துண்டுப்பிரசுரத்தில்தான் கண்டேன். அந்த அச்சில் அவை காகங்களாகவும் இருக்கலாம்.

இரண்டாவது தொடக்கம்:

“அருமைநாயகி முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.”

என்னை மறைக்க அருமைநாயகி என்று ஒருத்தியை உண்டாக்கிப் பார்த்தேன். அவள் முதல் வரியிலேயே அழுதுவிட்டாள். அடுத்த வரியில் ஜன்னலால் கடலைப் பார்த்தாள். எங்கள் ஜன்னலால் பார்த்தால் பக்கத்து வீட்டுக் கக்கூஸ் சுவர்தான் தெரியும். அவளை அனுப்பிவிட்டேன். நானே இருக்கிறேன்.

3

இனி நடந்தது. (கட்டுரை வேண்டுமென்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இடங்கள் வரும்.)

தொண்ணூறாம் ஆண்டு பிறந்து, இந்தியன் ஆமி கப்பலேறிக்கொண்டிருந்த மாதங்கள். அடுத்த சண்டைக்குள் பெடியன்களை வெளியே தள்ளிவிட வேண்டுமென்று எல்லா வீட்டிலும் அவசரம். எங்கள் வீட்டில் என் அண்ணன் கனிசியஸ். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் அடைக்கலநாதன் ஒரு புது வழி வைத்திருந்தார்: உல்லாசப் பயணி என்று போலந்துக்குள் இறங்கி, அங்கிருந்து ஜேர்மனி. எயாப்போட்டில் ஒரு அதிகாரி ஒரேயொரு கேள்வி கேட்பார், ஏன் வந்தாய் என்று. அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தால் போதும்.

அந்தப் பதிலைச் சொல்லிக்கொடுக்கத்தான் என்னைப் பிடித்தார். புவியியல் பட்டதாரி, வேலை இல்லை, ரியூட்டரியில் படிப்பிக்கிறேன். எங்கள் வலைக் கொட்டிலில் வகுப்பு. மாணவர்கள் என் அண்ணனும், எங்கள் ஒழுங்கைச் சிமியோன் அண்ணையும். சிமியோன் அண்ணைக்கு நாற்பது தாண்டியிருக்கும். இறால் பிடிப்பதில் கெட்டிக்காரர், வாய் காட்டுவதில் அதைவிட.

“கிராக்கோவில் முதலாவது பாக்கிறது துணி மண்டபம்” என்று தொடங்கினேன். “பெரிய சதுக்கத்துக்கு நடுவிலை, பழைய காலத்து வியாபாரிகள்—”

“உடுக்கிற சாரம் இருக்குமோ ரீச்சர்?” என்றான் என் அண்ணன்.

“அண்ணை, நீ வாங்கப் போகேல்லை. பாக்கப் போறாய்.”

“வாங்காமல் கடைக்குள்ளை நிண்டால் திரத்துவாங்கள்.”

அடுத்தது வாவெல் கோட்டை. அடியில் ஒரு குகை, குகையில் முன்னொரு காலத்தில் நெருப்புக் கக்கும் பறவைநாகம். கந்தகம் அடைத்த ஆட்டைத் தின்று, தாகத்தில் ஆற்றைக் குடித்துக் குடித்து வெடித்துச் செத்ததாம்.

“அந்த ஆத்திலை என்ன மீன்?” என்றார் சிமியோன் அண்ணை.

மாதா கோயில் கோபுரத்தில் மணிக்கு மணி ஒருவர் எக்காளம் ஊதுவதையும் சொன்னேன். ஊதிக்கொண்டிருந்த ஒரு காவல்காரனின் கழுத்தில் எதிரியின் அம்பு பட்ட கதை. அதனால் இன்றும் பாதியில் நிறுத்திவிடுவார்கள். (வாசகரே, நீங்கள் நினைப்பது தெரிகிறது. இந்தக் கதையையும் அப்படிப் பாதியில் நிறுத்தி அழகு காட்டப்போகிறேன் என்று. மாட்டேன். அது மலிவு.)

உப்புச் சுரங்கத்தில்தான் வகுப்பு குழம்பியது. நிலத்துக்குக் கீழே உப்பு, உப்பைக் குடைந்து தேவாலயம், சரவிளக்குக்கூட உப்பு என்றேன்.

சிமியோன் அண்ணை எழும்பிவிட்டார். “பிள்ளை, உப்பு கடலிலை வாற சாமான். ஆனையிறவு உப்பளத்திலை சும்மா பாக்கலாம். உந்தக் கதையை நான் அங்கை போய்ச் சொன்னால் அவன் என்னை விசரன் எண்டு திருப்பிப்போடுவான்.”

“படம் பாருங்கோ அண்ணை.”

படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “கருவாட்டுக்குச் சரிவருமோ?”*

* அவர் பகிடி விடவில்லை. எனக்கும் பதில் தெரியாது.

4

பரீட்சை வைத்தோம். அடைக்கலநாதன் கறுப்புக் கண்ணாடி போட்டு, கவிழ்த்த மீன்பெட்டிக்குப் பின்னால் அதிகாரியாக இருந்தார்.

“ஏன் வந்தனீர்?”

“எங்கடை மாமா இருக்கிறார்” என்றான் கனிசியஸ்.

“மாமா இல்லை. உமக்கு இஞ்சை மாமா இல்லை. நீர் உல்லாசப் பயணி. திரும்பச் சொல்லும்.”

“மச்சாள் வீட்டை வந்தனான்.”

“சொந்தம் எண்டு வாய் திறந்தால் அங்கையே நிக்கத்தான் வந்தனீர் எண்டு விளங்கிடும். இடத்தைச் சொல்லும் ஐசே, இடத்தை. ஏன் வந்தனீர்?”

என் அண்ணனுக்கு வியர்த்தது. புயலில் என்ஜின் நின்றாலும் வியர்க்காதவன்.

“செத்தவீடு” என்றான்.

“ஆர் செத்தது?”

“அது போய்த்தான் பாக்கவேணும்.”

சிமியோன் அண்ணையின் முறை வந்தபோது, அவருக்கு ஒரு ஞானஸ்நானப் பிள்ளை அங்கே இருந்தது.

சிரித்துக்கொண்டிருந்த நான் கொஞ்சம் யோசித்தேன். இவர்கள் மொக்கர்கள் அல்லர். எங்கள் சனம் ஒருவரும் இல்லாத ஊருக்குப் போனதே இல்லை. கலியாணம், செத்தவீடு, கோயில் பெருநாள், ஆஸ்பத்திரி. சும்மா ஒரு ஊரைப் பார்க்கப் போனேன் என்று சொன்னவனைத் திரும்பி வந்ததும் கட்டி வைத்துப் பேய் ஓட்டுவார்கள். பொய் சொல்ல இவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இந்தப் பொய்யில் ஆட்களே இல்லை. அதுதான் வாயில் வரவில்லை.

“நீர் செய்து காட்டும் பிள்ளை” என்றார் அடைக்கலநாதன், களைத்துப்போய்.

மீன்பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

“ஏன் வந்தனீர்?”

“பாக்க.”

“இஞ்சை உமக்கு ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை. அதாலைதான் வந்தனான்.”

[இங்கே என் மனதில் என்ன ஓடியது என்று ஒரு பத்தி எழுதினேன். அதில் ‘சிறகு’ இருந்தது. அடித்துவிட்டேன்.]

அடைக்கலநாதன் கண்ணாடியைக் கழற்றினார். “உவளை முன்னுக்கு விட்டால் பின்னாலை நிக்கிறவையும் போயிடுவினம்” என்றார், என்னிடம் அல்ல, மீன்பெட்டியிடம். அடுத்த நாள் காலை, வீட்டுக்குச் சொல்லாமல், என் பாஸ்போட்டை அவரிடம் கொடுத்தேன். விசா குத்தி வந்துவிட்டது.

5

அப்பாவை என்ன செய்வது என்று தெரியவில்லை. கதையில், சொல்கிறேன். கொடுமைக்காரராக எழுதினால் எனக்கு வேலை சுகம். ஆனால் சூசைதாசன் என்ற இந்த மனிதர் என் பட்டமளிப்புப் படத்தைத் திருஇருதய ஆண்டவருக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் மாட்டியவர். பாதர் வந்து கொஞ்சம் கீழே பதிக்கச் சொன்ன பிறகும் பதிக்காதவர்.

நேற்று நான் அந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்னதும் அவர் படத்தைத்தான் பார்த்தார்.

“உன்ரை சீதனக் காணியை வித்துத்தானே கொண்ணைக்கு ஏஜென்சிக் காசு கட்டினது” என்றார். “அவன் போய் உழைச்சு உனக்குச் சீதனம் அனுப்புவான்.”

“என்ரை சீதனத்தை எடுத்து அவனை அனுப்பி, அவன் எனக்குச் சீதனம் அனுப்புறதோ?”

“ஓம்.”

“அப்ப அந்தச் சீற் என்ரை.”

“படிச்ச பெட்டைக்குப் படிச்ச மாப்பிள்ளை வேணும். படிச்சவன் கூடக் கேக்கிறான். நான் என்ன செய்ய?”

“மாப்பிள்ளையை விடுங்கோ. கணக்குச் சரி.”

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். போலந்து பாப்பரசர் பிறந்த நாடு என்பதால் அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு மரியாதை. “கோயில் கிட்டடியோ?” என்றாள்.

“கோயில்கள்தான் அம்மா முழுக்க.”

“நீ கதையாதை” என்றார் அப்பா. அம்மாவிடமா என்னிடமா தெரியாது, இருவரும் நிறுத்தவில்லை.

கனிசியஸ் ஒரு மூலையில் வலையூசியால் பல் குத்திக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து அப்பா, “நீ சொல்லன்ரா, உனக்குப் போக விருப்பமோ இல்லையோ?” என்றார்.

“எனக்கங்கை என்ன அலுவல்?” என்றான் அவன். “தங்கச்சி போய் இருக்கட்டும். பிறகு ஏன் வந்தனீர் எண்டு கேட்டால், தங்கச்சி இருக்கிறாள் எண்டு உண்மையைச் சொல்லலாம்.”

6

இந்தக் கதைக்கு எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. அதிகாரி என் பதிலைக் கேட்டுச் சிரித்து முத்திரை குத்துகிறார். சிமியோன் அண்ணை உப்புச் சுரங்கத்தில் சுவரை நக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். (எனக்குப் பிடித்தது. அதனால் சந்தேகம்.)

ஆ. அதிகாரி என்னைத் திருப்பி அனுப்புகிறார். அப்பா படத்தைக் கொஞ்சம் பதித்து மாட்டுகிறார். (இதை எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். நீங்கள் வாசிப்பது நினைவிலிருந்து.)

இ. நான் போகாமல் படிச்ச மாப்பிள்ளையைக் கட்டி, இந்தக் கதையை எழுதாமல் விடுகிறேன். இதற்கு ஆதரவாளர்கள் பலர். இப்போது விறாந்தையில் இருக்கிறார்கள்.

உண்மையாகவே இருக்கிறார்கள். விடியக் காலமையே மாமாமாரைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்திருக்கிறார் அப்பா. நான் குசினிப் பக்கம் மர வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன், எல்லாம் கேட்கிறது.

“தனிப் பெட்டையை விட்டால் சனம் என்ன சொல்லும்?”

“சிமியோன் கூடப் போறான்தானே.”

“சிமியோன் கூடப் போறது தனியப் போறதைவிட மோசம்.”

“பாதரிட்டை ஒரு சொல்லுக் கேட்டால் என்ன?”

“அவளுக்குப் புத்தி சொன்னால் கேப்பாள். படிச்ச பிள்ளை.”

கொழும்பு வான் ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. சிமியோன் அண்ணை முன் சீற்றில், புதுச் சப்பாத்தோடு. கனிசியஸ் என் பெட்டியைப் பின்னால் ஏற்றிவிட்டு, என் பக்கம் திரும்பாமல், வான் வாங்க வந்தவன் போல ரயர் ஒவ்வொன்றையும் காலால் தட்டிப் பார்க்கிறான். அம்மா கிணற்றடியில், துவைத்து முடிந்த துணியைத் திரும்பவும் துவைக்கிறாள். நான் எழும்பியதைக் கண்டதும் பின்வழிப் படலைக் கதவின் கொழுக்கியை ஈரக் கையால் கழற்றிவிடுகிறாள்.

விறாந்தையில் பெரிய மாமா தொண்டையைச் செருமுகிறார். முடிவு சொல்லப் போகிறார் போல. என் வாங்கு வெறுமையாகத்தான் இருக்கிறது. நீங்கள் வந்து உட்கார்ந்து, அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்று கேட்டு வையுங்கள்.

நான் வெளிக்கிடுகிறேன்.