வெள்ளிமலையில் ஒரு மெத்தனால் பாடம்

இலக்கியா கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பிறந்தவள். இப்போது புனேயில் வானியலாளர். வாயு நிறைந்திருந்தும் நட்சத்திரங்கள் அதிகம் பிறக்காத விண்மீன் திரள்களைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. அந்த வாயுவிலிருந்து வரும் ரேடியோ அலை மிக மெல்லியது. பக்கத்தில் ஒரு செல்போன் இயங்கினாலே கெட்டுவிடும். அதனால் தொலைநோக்கி வளாகத்துக்குள் எல்லோரும் போனை அணைத்துவிட வேண்டும்.

கள்ளச்சாராயம் கருணாபுரத்தில் வீடு வீடாகச் சாவு விழவைத்த அந்த ஜூன் மாதம், அவள் போன் அப்படித்தான் அணைந்து கிடந்தது. அண்ணன் தீனதயாளன் நான்கு முறை அழைத்திருந்தான். மதியம் வெளியே வந்து திருப்பி அழைத்தபோது அண்ணி கமலா எடுத்தாள்.

"கண்ணு தெரியலன்னு சொல்லத்தாம்மா உனுக்குப் போன் போட்டாரு. தூங்குனா சரியாப்பூடும்னு வூட்லயே படுத்துக்கினு இருந்தாரு. போய்ட்டாரும்மா."

கண் மங்கினால் அது சாராயத்தில் கலந்த மெத்தனால் விஷம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்ல அவளுக்கு அரை நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.

மறுவருடம் ஊருக்கு வந்தவள், மலைமேல் உள்ள வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கு அனுமதி வாங்கி வானியல் வகுப்பு எடுக்கப் போனாள். அரை மணி நேரம் விண்மீன் திரள்களைப் பற்றிப் பேசினாள். பிறகு கரும்பலகையில் எத்தனால், மெத்தனால் மூலக்கூறுகளை வரைந்தாள்.

"மொதல்ல இருக்கறது சாராயம், அடுத்தது வெஷம். வாசனையில வித்தியாசம் தெரியாது. குடிச்ச மறுநாள் கண்ணு மங்கலாத் தெரியும். அப்ப வூட்ல படுக்க வெச்சிடாதீங்க."

ஒன்பதாம் வகுப்பு தமிழ்ப்ரியா எழுந்தாள்.

"மிஸ், எங்கப்பா காலையில எழுந்ததிலேர்ந்து ஒரே பனியா இருக்குதுன்னாரு."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. இலக்கியா சாக்பீஸை வைத்துவிட்டுத் தலைமையாசிரியரிடம் ஜீப் கேட்டாள்.

தமிழ்ப்ரியாவின் அப்பா வேடியப்பன் பாயைவிட்டு எழவில்லை. "போலீசுக்குச் சொல்லிடுவீங்க."

"சொல்லமாட்டேங்க. எங்கண்ணன் இப்டிதான் படுத்துக்கினு இருந்தாரு. செத்துட்டாரு."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஜீப்பில் மலைப்பாதை முழுக்க வாந்தி எடுத்தார். மகள் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு வந்தாள்.

பதினோரு நாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிர் தப்பியது. பார்வை திரும்பவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்று இலக்கியா அப்பாவோடும் மகளோடும் பேருந்து நிலையம்வரை போனாள்.

"நாளைக்கு ஸ்கூலுக்குப் போவியா, தமிழ்ப்ரியா?"

"சாமை வெதைக்கணும் மிஸ். அப்பாவால ஆவாது. அம்மா ஒண்டியா இன்னா பண்ணும்?"

வெள்ளிமலை பஸ் வந்து நின்றது. வேடியப்பன் காலால் தரையைத் துழாவினார்.

"படி எங்க இருக்குதும்மா?"

இலக்கியா அவர் கையை எடுத்துக் கம்பியில் வைத்தாள்.