திருப்பியனுப்பியின் உச்சியில் நாற்பது நிமிஷம்

"திருப்பியனுப்பி மலையோட உச்சியில நாற்பது நிமிஷம் தனியா உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்துல போரடிச்சுது, இறங்கி வந்துட்டேன்."

லிஃப்ட்காரர் இதைச் சொன்ன இடம் ஒரு சலூன். நாற்காலியில் இருந்தவரின் கன்னத்தில் பாதி நுரை, பாதி கன்னம். சவரக்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கத்தி கையில இருக்கும்போது இப்படியெல்லாம் சொல்லாதீங்க. ஆளுக்கு மூக்கு போயிடும்" என்றார்.

"என் மூக்கே போயிடுச்சுப்பா. மேல அடிச்ச காத்துல கழண்டு விழுந்துச்சு. எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டு, கீழ வந்துதான் திரும்ப மாட்டினேன்."

நுரை முகக்காரர் சிரித்ததில் கண்ணாடியெல்லாம் புள்ளி புள்ளியாயிற்று.

திருப்பியனுப்பி என்பது அந்த மலைக்கு வரைபடத்தில் உள்ள பெயர் அல்ல. ஏறப் போகிறவர்கள் வைத்த பெயர். கடைசி ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மனிதர் முகமே காணாமல் பதினோரு நாள் நடந்தால்தான் அதன் அடிவாரம் வரும். வந்த நூறு பேரில் தொண்ணூற்றாறு பேரை அது வழியிலேயே திருப்பி அனுப்பிவிடும். மீதி நாலு பேரில் இரண்டு பேர், "பேசாமல் நாமும் திரும்பியிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இறங்குவார்கள். அப்படிப்பட்ட மலைக்குப் போன கோடையில் லிஃப்ட்காரர் போனார். வயது அறுபத்திரண்டு. இடது முழங்கால் மழை வருவதை முந்தின நாளே சொல்லும் ரகம்.

முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் வேலை பார்த்தவர் அவர். கயிறு அவருக்கு வீட்டு ஆள் மாதிரி. எந்தக் கயிறு எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். டாக்டர் தம்பதி ஒன்று மலையேறப் போவதாகவும், கயிறு தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்றும் கேள்விப்பட்டு, தானாகவே போய்ச் சேர்ந்துகொண்டார். இவ்வளவும் ஊருக்கே தெரிந்த உண்மை. அதற்கு மேலே நடந்ததில்தான் தகராறு.

ஊரார் அந்தக் கதையைச் சிரித்துவிட்டு நம்பினார்கள், அல்லது நம்பிவிட்டுச் சிரித்தார்கள். அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். நம்பவே மாட்டேன் என்று நின்றவர் ஒரே ஒருவர். அவர் லிஃப்ட்காரரின் மனைவிக்கு அண்ணன். அரசாங்கத்தில் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆரம்ப வருஷங்களில் லிஃப்ட்காரரின் வேலையில் குறை கண்டுபிடிக்க வந்து வந்து, குறை கிடைக்காத வெறுப்பில் தங்கையையே கல்யாணம் செய்துகொடுத்துவிட்டார் என்று சொல்வார்கள். அன்று பெண் வீட்டில் அவர் சொன்ன சிபாரிசு இவ்வளவுதான்: "வேலை சுத்தம். வாய்தான் சுத்தமில்ல."

வாய் சுத்தமில்லை என்பது சரிதான். அறுந்து விழுந்த லிஃப்டைச் செருப்பு வாரால் இழுத்துப் பிடித்ததாக ஒரு கதை உண்டு. ஏழு மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்ட ஒரே வழக்கில் எதிரெதிராக வாதாடிய இரண்டு வக்கீல்கள் வெளியே வரும்போது சம்பந்திகளாக வந்ததாக ஒரு கதை உண்டு. இதையெல்லாம் இன்ஸ்பெக்டர் காதில் வாங்கி, மறு காது வழியாக அனுப்பிக்கொண்டிருந்தார். இந்த முறை அப்படி அனுப்ப முடியவில்லை. ஒரு காகிதம் வந்துவிட்டது.

மலை அலுவலகத்திலிருந்து வந்த காகிதம் அது. திருப்பியனுப்பியின் பாதி உயரத்தில் ஏணிக்கல் என்று ஒரு பாறைச் சுவர். இருபத்தைந்து மாடிக் கட்டடத்தைச் சன்னல் இல்லாமல் நிறுத்தி வைத்தது போல இருக்கும். அதில் நிரந்தரமாகக் கட்டிய கயிறுகளைப் பிடித்துத்தான் எல்லோரும் ஏறுகிறார்கள். அதன் அடியில் உள்ள குடிலில் கோடை நாலு மாதமும் தங்கி, தினமும் கயிறு பார்க்க ஓர் ஆள் தேவை. லிஃப்ட்காரர் மனு போட்டிருந்தார். ஏறிய அன்று அந்தக் கயிற்றில் கை வைத்தவருக்கு அதன் பிறகு தூக்கம் சரியாக வரவில்லை. மூன்றாவது கயிறு உள்ளே நரம்பு நரம்பாகத் தேய்ந்து போயிருந்தது. அதில் யாராவது ஒருநாள் தொங்கப் போகிறார்கள் என்று வீட்டில் சாப்பிடும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

ஆனால் விதி ஒன்று இருந்தது. உச்சி தொட்டவருக்குத்தான் அந்த வேலை. உச்சியில் ஒரு தகரப் பெட்டி உண்டு, அதற்குள் ஒரு நோட்டு. ஏறியவர்கள் பெயர் எழுதிவிட்டு வருவார்கள். இந்தக் கோடையில் முதலில் ஏறிய குழுவிடம் கேட்டுப் பார்த்துவிட்டு அலுவலகம் எழுதியது: "நோட்டில் தங்கள் பெயர் இல்லை. எனினும், இருபது வருடம் சோதனைப் பணி செய்த, இரத்த உறவு இல்லாத ஒருவர், தங்கள் கூற்று உண்மை எனத் தமக்குத் தெரியும் என்று கையெழுத்திட்டால் பரிசீலிக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள்."

அப்படிப்பட்ட ஆள் அந்த ஊரில் ஒருவர்தான் இருந்தார். அவர் திங்கட்கிழமை மாலை தங்கை வீட்டு முன்னறையில், படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, பச்சை மசிப் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ளே, உள்ளே போய்ப் பார்க்காத லிஃப்டுக்கு நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மச்சான். ஒருதடவை மந்திரியையே கீழே நிக்க வெச்சீங்க."

"அது உண்மை. இது?"

"இதுவும் உண்மை."

"டாக்டருங்க என்ன சொல்றாங்க?"

"அவங்க ஏணிக்கல்லுக்கு மேல வரல. அந்தம்மாவுக்குத் தலை சுத்திச்சு, அவரு கூடவே இறங்கிட்டாரு. நானும் வழிகாட்டியும்தான் போனோம்."

"வழிகாட்டி கடிதம் போட்டிருக்காரே. படிக்கிறேன், கேளுங்க. 'உச்சிக்கு ஐம்பது மீட்டர் கீழே பனியில் வழுக்காமலிருக்க என் காலணியில் கட்டிய முள்பட்டை அறுந்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் மேலே போனார். மேகத்தில் எதுவும் தெரியவில்லை. நாற்பது நிமிடம் கழித்து வந்தார். மேலே என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை.' இவ்வளவுதான். பத்தடி தள்ளிப் பாறை மறைவுல உட்கார்ந்துட்டு வந்திருக்கலாமில்ல?"

"நாற்பது நிமிஷமா? அந்தக் குளிர்லயா? உட்கார்ந்த இடத்துலயே சிலையாகியிருப்பேன். பறவை வந்து உட்கார்ந்திருக்கும்."

"அப்ப உச்சியில நாற்பது நிமிஷம் என்ன பண்ணீங்க?"

"பெட்டி மூடி துருப்பிடிச்சு இறுகிக் கிடந்துச்சு. அதைத் திறந்தேன், எழுதினேன், வந்துட்டேன்."

"எழுதினீங்களா?"

"பென்சில் பிடிச்சு எழுதினேன் மச்சான். பேனா அங்க உறைஞ்சிடும். விரல் மரத்துப்போய் எழுத்து கோழி கிளறின மாதிரி வந்துச்சு. கண்ணு முன்னால நிக்குது."

"நோட்டுல இல்லையே, மாப்ளே."

இன்ஸ்பெக்டர் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். கிழித்துப் போடவில்லை. லிஃப்ட்காரர் அதை மட்டும் கவனித்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் சலூனுக்குப் போகவில்லை. அந்தத் தெருவில் அது ஒரு செய்தி. சவரக்காரர் ஆள் அனுப்பி, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். லிஃப்ட்காரர் சமையலறையில் உட்கார்ந்து, நன்றாகவே இருந்த சன்னல் கீலுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னங்க, அந்தச் சன்னல் உங்களை என்ன பண்ணிச்சு?"

"நான் நிஜமாவே எழுதினேனா?"

"என்னைக் கேட்டா?"

"இல்ல, செருப்பு வார் கதைய இத்தனை வருஷமா சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே அது நடந்த மாதிரிதான் இருக்கு. இதுவும் அப்படி ஆகியிருந்தா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். இருபத்தைந்து வருஷக் குடும்பத்தில் அவர் தன் கதையைத் தானே சந்தேகித்து அவள் பார்த்ததில்லை.

"நீங்க புளுகும்போது கை ரெண்டும் ஆடும். பக்கத்துல தம்ளர் வெக்க முடியாது. உச்சிக்குப் போன கதையில மூக்கு கழண்ட இடத்துல ஆடிச்சு. எழுதின இடத்துல ஆடல" என்றாள்.

"இதை உங்கண்ணன்கிட்ட சொல்லேன்."

"சொன்னேன். கை ஆட்டத்தையெல்லாம் படிவத்துல எழுத முடியாதுன்னுட்டாரு."

இன்ஸ்பெக்டர் அந்த நேரம் சும்மா இருக்கவில்லை. பயணிகள் சொல்வதைக் கேட்டு லிஃப்டைச் சோதிக்கிறவன் வீட்டுக்குப் போகலாம் என்பது அவர் பணிக்காலம் முழுக்கச் சொன்ன வாக்கியம். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் மொட்டைமாடி மெஷின் அறைக்கு ஏறி, மின்பெட்டியின் கதவைத் திறந்து, கதவின் உள்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். சர்வீஸ் செய்தவர் அட்டை ஒட்டிவிட்டுப் போகிற இடம் அது. இதே பழக்கத்தில் அவர் மலை அலுவலகத்துக்குப் போன் செய்து, நோட்டுப் பக்கங்களின் படம் தனக்கு வேண்டாம் என்றார். பெட்டியின் படம் வேண்டும், மூடி திறந்திருக்கிற மாதிரி, உள்பக்கம் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். போனை எடுத்தவர் இப்படி ஒரு வேண்டுகோளை அதுவரை கேட்டதில்லை. இருந்தாலும் ஏறிய குழுவிடம் வாங்கி அனுப்பிவைத்தார். இன்ஸ்பெக்டர் அதைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, குழுத் தலைவருக்கும் ஒரு போன் போட்டுவிட்டு, வியாழக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டுக்கு வந்தார்.

வந்தவர் யாரிடமும் பேசாமல் சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்தார். நாலு மூலையிலும் நாலு தம்ளர்களை வைத்தார். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்தார். பனி படிந்த தகரப் பெட்டி. திறந்த மூடி. மூடியின் உள்பக்கம், கறுப்பு டேப் ஒட்டிய ஒரு மஞ்சள் அட்டை.

"இது என்னன்னு அந்தக் குழுத் தலைவரைக் கேட்டேன். பெட்டி செஞ்ச கம்பெனியோட சீட்டுன்னு நினைச்சாராம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

லிஃப்ட்காரர் படத்தின் மேல் இன்னும் குனிந்தார்.

"படிக்கிறேன். 'கட்டடம்: திருப்பியனுப்பி. மாடிகள்: எண்ணவில்லை. பாரம்: ஒரு ஆள். குறைகள்: மூடிக் கீல் துரு. கிரீஸ் போட்டுச் சரிசெய்யப்பட்டது. ஆறு முறை திறந்து மூடிப் பார்த்தேன், சரி. ஏணிக்கல் மூன்றாவது கயிறு தேய்ந்துள்ளது, உடனே மாற்றவும். அடுத்த சோதனை: ஆறு மாதத்தில்.' தேதி இருக்கு. வழிகாட்டி சொன்ன அதே தேதி."

"அட்டையிலயா எழுதினேன்!" லிஃப்ட்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "மச்சான், கிரீஸ் டப்பா கல்லு மாதிரி உறைஞ்சுபோச்சு. உள்சட்டைக்குள்ள போட்டு அக்குள்ல வெச்சு இளக்கினேன். அதுக்கே அரை மணி ஆச்சு. அப்புறம் கீலுக்குப் போட்டு, எழுதி ஒட்டி, மூடிட்டு வந்துட்டேன். நோட்டு..."

"நோட்டைத் தொடவே இல்ல."

"வேலை முடிஞ்சுதுன்னு வந்துட்டேன்."

அவர் மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "மலையேறப் போற மனுஷன் பையில கிரீஸ் டப்பா எதுக்குன்னு கேட்டேன்ல. அவசரத்துக்கு உதவும்னாரு!"

"சிரிக்காதம்மா, நான் இன்னும் முடிக்கல. அட்டை இவர்கிட்ட கட்டுக் கட்டா இருக்கு. ஒண்ணை யார் கையிலயாவது குடுத்து அனுப்பி ஒட்டச் சொல்லியிருக்கலாம்."

"மச்சான்!"

"இருங்க மாப்ளே. என் வேலையை நான் செய்யணும். அதனால இன்னொண்ணும் விசாரிச்சேன். ரெண்டு வருஷம் முன்னால ஏறினவங்க நோட்டுலயே குறை எழுதி வெச்சிருக்காங்க, மூடியைத் திறக்கக் கல்லால தட்ட வேண்டியிருந்துச்சுன்னு. இந்தத் தடவை எப்படித் திறந்துச்சுன்னு தலைவரைக் கேட்டேன். ஒரு விரல் போதும்னாரு. ஒரு குளிர்காலம் முழுக்க அந்த உயரத்துல கிடந்த கீல், ஒரு விரல்ல." அவர் லென்ஸைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "அந்தக் கைவேலை எனக்குத் தெரியும். முப்பது வருஷம் பார்த்திருக்கேன்."

பிறகு படிவத்தை எடுத்து மேசையில் பிரித்தார். மடிப்புகளை உள்ளங்கையால் நீவினார். பச்சை மசிப் பேனாவைத் திறந்து, ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தார். லிஃப்ட்காரர் மூச்சு விடவில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் திருப்பியனுப்பியில் இன்னொரு தடவை ஏறி இறங்கியிருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். கீழே தேதி போட்டார். பேனாவை மூடும்போது மறுபடியும் அந்தப் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இப்பவும் அட்டையில இன்ஸ்பெக்டர் கையெழுத்துக் கட்டத்தைக் காலியா விட்டிருக்கீங்க. முப்பது வருஷமா சொல்றேன், கட்டத்துல 'வரவில்லை'ன்னாவது எழுதணும்னு."

"நீங்க வருவீங்கன்னு விட்டிருப்பேன் மச்சான்."

"ஆறு மாசம் எப்பவோ தாண்டிடுச்சு. போனதும் முதல்ல அந்த மூணாவது கயித்தை மாத்துங்க."

தங்கை இன்னும் திருப்தியாகவில்லை. தெருவே கேட்டுக்கொண்டிருந்த ஒரு கேள்விக்கு அவளுக்கு வாய்வழிப் பதில் வேண்டியிருந்தது.

"அதெல்லாம் சரிண்ணே. இவரு உச்சிக்குப் போனாரா, போகலையா? அதைச் சொல்லு."

இன்ஸ்பெக்டர் தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, படத்தைச் சுருட்டினார்.

"போனாரும்மா" என்றார். "மூக்கு கழண்டது மட்டும்தான் பொய்."