துண்டுக்குள் ஒரு விரல்

கருவாட்டு வியாபாரி மாசானத்தின் முழங்காலுக்குக் கீழே செம்பு நிறத்தில் நான்கு தடிப்புகள். ஒன்றரை வருஷமாக எந்தக் களிம்புக்கும் மசியவில்லை. "கருவாட்டு உப்பு பட்ட சொறி" என்று ராயபுரம் முழுக்கச் சொல்லி நம்ப வைத்திருந்தார். அறுபது வயதுக்குள் அவர் விற்றவற்றில் மிகச் சுலபமாக விலைபோன சரக்கு அதுதான். சம்பந்தி வீட்டார் மட்டும் வாங்கவில்லை. குஷ்டம் இல்லையென்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மகள் சிவந்திக்குத் தை மாதம் தாலி என்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

டாக்டர் பரசுராமன் காலைத் திருப்பிப் பார்த்தார். "எத்தினி மாசமா கீது, பெரியவரே?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"நீ சொல்லும்மா."

"அவிய சொன்னா சரிதான்" என்றாள் மனைவி சீனியம்மாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே தராசு போல. சரி, கண்ண மூடிக்கோ. பஞ்சால தொடுவேன், தெரிஞ்சா சொல்லு."

மாசானம் தோள்துண்டை எடுத்துத் தன் கையும் மனைவி கையும் மறையப் போட்டுக்கொண்டார். கருவாட்டு மண்டியில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். பஞ்சு படும்போது அவள் அவர் விரலை அழுத்த வேண்டும். நேற்று வீட்டில் ஒத்திகைகூடப் பார்த்தாகிவிட்டது.

பஞ்சு பட்டது. விரல் அழுந்தியது.

"தெரியுது."

இரண்டாவது, மூன்றாவது தடிப்புகளும் அப்படியே தேறின.

டாக்டர் நெற்றியைச் சொறிந்தார். "அந்த வியாதியா இருந்தாலும் பயம் வேணாம், இப்ப மாத்திரை வந்துட்டுது. நான் கோட்ட விட்டாத்தான் வம்பு. ஆணி குத்தினாலும் தெரியாது, காலு அழுகிப் பூடும்."

போன வாரம் அடுப்புக் கங்கு ஒன்று தெறித்து அவர் காலில் விழுந்தது. தோல் கருகும் வாடை வந்து சீனியம்மாள்தான் திரும்பிப் பார்த்தாள். அவரோ கல்யாணப் பந்தலுக்கு எத்தனை கீற்று வேண்டுமென்று பேசிக்கொண்டேயிருந்தார்.

பஞ்சு நான்காவது தடிப்பின்மேல் நின்றது.

மாசானம் விரலுக்காகக் காத்திருந்தார். அது அசையவில்லை.

"ஏளா" என்றார், கண்ணைத் திறக்காமல், மிக மெல்ல. "நம்ம பிள்ளைய நினைச்சுப் பாரு."

அவள் துண்டை விலக்கி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒன்றரை வருசமாச்சு, டாக்டரய்யா."

மாசானம் கண்ணைத் திறக்கவேயில்லை.