சுண்ணக்கோட்டில் இல்லாத கட்டில்

பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் கூடத்துத் தரையில் சுண்ணக்கட்டியால் இன்னொரு கூடம் வரைந்து கிடந்தது. சோபா இங்கே, கண்ணாடி அலமாரி அங்கே, வட்ட மேசை நடுவே. பவுனம்மாள் அத்தனையையும் பார்த்தாள். புருஷன் போன நாளிலிருந்து அவள் அந்தக் கூடத்தில் படுத்துறங்கிய கட்டிலை மட்டும் காணோம்.



வீட்டு அலங்காரத்துக்கு வந்த ராதாகிருஷ்ணன் வேலையில் ஓர் ஒழுங்கு வைத்திருந்தான். முதலில் பேச்சு, பிறகு அளவு, அப்புறம் காகிதத்தில் படம், கடைசியில் இந்தச் சுண்ணக்கோடு. வீட்டார் கோட்டுக்குள் நடந்து பார்த்து, “சரி” என்ற பிறகுதான் தச்சன் ரம்பத்தைத் தொடுவான். தொட்டுவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

“என் கட்டில் எங்க தம்பி?”

ராதாகிருஷ்ணன் திருதிருவென்று விழித்தான். “அது வேண்டாம்னு சபாபதி அண்ணன் சொன்னாரே. இங்க யாரும் படுக்கறதில்லையாம்.”

கொழுந்தன் சபாபதி உள்ளே வந்தான். “உங்களுக்கு இங்க என்ன வேலை அண்ணி? காப்பார் ரப்பர் தோட்டத்துல உங்க சித்தப்பா மவன்கிட்ட சொல்லியாச்சு. நாளைக்குப் புறப்படுறீங்க.”

“யாரைக் கேட்டு?”

“யாரைக் கேக்கணும்? அண்ணனே போயிட்டாரு.”

“போனவரு கட்டின வீடுடா இது. நீ வந்து ஒண்டினவன்.”

சபாபதி பல்லைக் கடித்தான். வெள்ளிக்கிழமை அவன் மகளைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து வருகிறார்கள். அதற்குத்தான் இந்தத் தடபுடல் எல்லாம்.

“நீ வேலையை ஆரம்பி லா!” என்று ராதாகிருஷ்ணனிடம் கத்தினான். வாசலில் தச்சன் எழுந்து நின்றான்.

பவுனம்மாள் விறுவிறுவென்று நடந்துபோய், சோபாவுக்கு வரைந்திருந்த கோட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“எந்திரிங்க அண்ணி!”

“மாட்டேன். வெள்ளிக்கிழமையும் இங்கதான் உக்காந்திருப்பேன். வாசல்ல கால் வைக்கிறவங்க கண்ணுல முதல்ல என் வெறும் நெத்தி படட்டும். அப்புறமா உன் மகளைப் பாக்கட்டும்.”

சபாபதியின் முகத்தில் ரத்தம் சுண்டியது. தாலியறுத்தவள் எதிரே வந்தால் புறப்பட்ட காரியத்தையே கைவிடுகிறவர்கள் அந்தக் கிள்ளான்காரர்கள். அதே சாக்கைச் சொல்லித்தான் வீட்டில் நடந்த ஒவ்வொரு விசேஷத்திலும் அவளைப் பின்கட்டுக்கு விரட்டியிருந்தான்.

“சனியன்!”

“நீ வச்ச பேருதானே. இப்ப அதுக்கே பயப்படுறியே!”

ராதாகிருஷ்ணன் தொண்டையைச் செருமினான். “அண்ணே, பின்சுவரை ஒட்டிப் பலகை மறைப்பு வைக்கலாம். கட்டில் அதுக்குள்ள போயிடும். அலமாரியைத்தான் சின்னதாக்கணும்.”

“வச்சுத் தொலை! இந்த மூஞ்சி என் கண்ணுல படக்கூடாது.”

பவுனம்மாள் அசையவில்லை. “மறைப்புக்குக் கதவு வேணும். தாழ்ப்பாள் என் பக்கம்.”

“தாழ்ப்பாள் எதுக்கு?”

“உன்னை நம்பி நான் கண்ணை மூட முடியுமா?”

சபாபதி வாசலைப் பார்த்தான். தச்சனைப் பார்த்தான். “சரி” என்ற சொல் எச்சிலைத் துப்புவதுபோல் வந்து விழுந்தது. “போதுமா? இப்பவாவது எந்திரிங்க.”

“முதல்ல என் கதவுக்குப் பலகை அறுக்கட்டும்” என்றாள் பவுனம்மாள். “அப்புறம் எந்திரிக்கிறேன்.”